ஒற்றை சீட் விமானத்தில் இரண்டாவது ஆள்

பெல்ட்டில் வரிசையாகப் போகும் பாகங்களை இப்போது எங்கள் கம்பெனியில் கேமரா பார்க்கிறது. பாகத்தில் பிசிறு இருந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது, காற்று ஊதி அதைக் கூடையில் தள்ளிவிடுகிறது. போன மாதம் போயிருந்தபோது ரேஷ்மா இதையெல்லாம் எனக்குக் காட்டினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு செக்கிங் பிரிவில் என் நாற்காலியில் உட்கார்ந்த பெண் அவள். "உங்க கண்ணு பாத்த வேலைய இப்ப இது பாத்துக்குதுக்கா" என்றாள். அது பாராட்டா கிண்டலா என்று நான் யோசிப்பதற்குள், கம்பெனியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள்.

கேமராவின் மேல் எனக்கு வயிற்றெரிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது தலைவலி என்று சொல்லாது, டீ வேளையில் காணாமல் போகாது, பக்கத்தில் இருப்பவளோடு நாத்தனார் கதை பேசாது. தங்கமான பிள்ளை. ஆனால் எது சரி என்று முதலில் யாராவது அதற்குக் காட்ட வேண்டும். காட்டியதே தப்பாக இருந்தால், வருவதையெல்லாம் அது சரி சரி என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். கேமரா வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது ஒரு நகைக்கடைத் தராசும் நானும்தான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கம்பெனி பழைய போர் விமானங்களைச் சின்னதாக, பிளாஸ்டிக்கில், துண்டு துண்டாகச் செய்து பெட்டியில் போட்டு விற்கிறது. இறக்கை தனி, வயிறு தனி, சக்கரம் தனி. வாங்குகிறவர் பசை வைத்து ஒட்டி, பெயின்ட் அடித்து, அலமாரியில் வைத்து அழகு பார்ப்பார். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். அதுவும் குழந்தைகள் அல்ல, தலை நரைத்த ஆண்கள். இதைக் கேட்டபோது என் அம்மா, "அவங்க வூட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா" என்று கவலைப்பட்டார்.

பத்தாவது முடித்துவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்தபோது எண்பதுகள் பாதி ஓடியிருந்தன. எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். வீட்டில் எல்லோரும் கரும்பு வெட்டவும் நாற்று நடவும் போகிறவர்கள். சேற்றில் நிற்காமல் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்றதும் நான் விமானமா மிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. முதல் வருஷம் முழுவதும் கத்தியால் பிசிறு சீவினேன். இரண்டாம் வருஷம் பாகங்களை எண்ணினேன். அதற்குப் பிறகு என் வாய்க்குப் பயந்தோ என்னவோ, செக்கிங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். காலையில் எங்கள் ஸ்டாப் வந்ததும் டவுன் பஸ் கண்டக்டர் "ஏரோப்ளேன்காரங்க எல்லாம் எறங்குங்க" என்று கத்துவார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

முதலாளி முஸ்தபா பாய். கடைத்தெருவில் அவர்கள் குடும்பத்துக்கு ஃபேன்சி ஸ்டோர். கடையில் விற்கிற சீப்பையும் சட்டைப் பொத்தானையும் நாமே செய்தால் என்ன என்று ஒரு பிளாஸ்டிக் மெஷினை வாங்கிப் போட்டார். ஒருமுறை பம்பாய்க்குச் சரக்கெடுக்கப் போனவர், சீப்பு அச்சுக்குப் பதிலாக ஹரிகேன் என்ற ஒற்றை சீட் போர் விமானத்தின் அச்சோடு திரும்பி வந்தார். இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டிய இரும்புப் பாளம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கடையை மூடும்போது விற்றது, கை மாறிக் கை மாறிப் பம்பாய் வரை வந்துவிட்டது என்றார். பொத்தானை எண்ணி எண்ணிச் சலித்த மனுஷனுக்கு விமானத்தைப் பார்த்ததும் கண் மலர்ந்துவிட்டது, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இப்படிக் கைமாறிய அச்சுகள்தான். ஒவ்வொன்றின் அடியிலும் பழைய கம்பெனியின் பெயரை அரத்தால் தேய்த்து அழித்து, மேலே வேறு பெயரை வெட்டியிருப்பார்கள். அதையும் தேய்த்து இன்னொன்று. கொஞ்ச நாளில் பெயர் இல்லாமலே எங்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இங்கிலாந்து அச்சு என்றால் விமானம் பூராவும் கடுகு தெளித்தது மாதிரி ஆணித் தலைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஜப்பான் அச்சில் கோடுகள் தலைமுடி மாதிரி, பாகங்கள் அழுத்தினால் டக்கென்று உட்காரும். அமெரிக்க அச்சில் சக்கரம் சுழலும், மூடி திறக்கும், ஆனால் இறக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே எறும்பு புகுந்து போகும். எங்கள் ஹரிகேன் இங்கிலாந்துக் குடும்பம். ஆணி அதிகம், கோளாறு கம்மி.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் கபீர் சார், பாயின் தம்பி, உற்பத்தி மேனேஜர். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. மெஷினிலிருந்து சூடாக வந்த இறக்கையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் தடவுவார். குறை இருந்தால் அதைச் செய்தவரின் உள்ளங்கையில் வைத்து, "இத வூட்டுக்கு எடுத்துக்கினு போம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். திட்டு வாங்கினால்கூட மறந்துவிடலாம். கோணல் இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நிற்பது கொடுமை. சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டு வாசலில் அரை விமானம் தொங்கினாலும் அந்த வீட்டுப் பெண் எங்கள் கம்பெனி என்று அர்த்தம். எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் அப்பா மூன்றைத் தொங்கவிட்டிருந்தார், திருஷ்டிக்கு.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடித்து வந்ததும் கபீர் சார் பேக்கிங்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டியை உருவுவார். அதைப் பிரித்து, எங்கள் எல்லோர் முன்னாலும் முழு விமானத்தையும் ஒட்டி முடிப்பார். பிறகு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்துவார். மூன்று சக்கரமும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால் அந்த வாரம் அச்சைக் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். அவர் ஒட்டி முடிக்கும் வரை நாங்கள் யாரும் பேசமாட்டோம். என்னையே பேசாமல் உட்கார வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தராசு விஷயத்துக்கு வருகிறேன். பெரிய பாகங்கள் ஒரு சட்டத்தோடு சேர்ந்தே வரும், அதில் குறைந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சின்னப் பாகங்கள்தான் தொல்லை. சக்கரங்கள், முன்னால் சுற்றும் விசிறி, கண்ணாடி மூடி, விரல் நகம் அளவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பைலட். இவற்றைக் கத்தரித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, அந்தப் பையைப் பெட்டிக்குள் வைப்போம். பையில் ஏதாவது குறைந்தால் வெளிநாட்டிலிருந்து கடிதம் வரும். ஆயிரக்கணக்கான பைகளைப் பிரித்து எண்ண முடியுமா? கபீர் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். நகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கி, ஒரு தட்டில் எல்லாம் சரியாக உள்ள ஒரு பையை நிரந்தரமாக வைத்தார். அதற்குத் தாய்ப்பை என்று பெயர். மற்றப் பைகளை ஒவ்வொன்றாக எதிர்த் தட்டில் வைக்க வேண்டும். முள் நடுவில் நின்றால் பை சரி. ஒரு சக்கரம் குறைந்தாலும் முள் சொல்லிவிடும். அந்தத் தராசின் முன்னால்தான் என் உத்தியோகம்.

பை கட்டுகிற பெண்களில் சின்னப்பொண்ணு என்று ஒருத்தி இருந்தாள். வெள்ளிமலைக்காரி. கச்சிராயபாளையத்தில் அக்கா வீட்டில் தங்கி வேலைக்கு வருவாள், ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவாள். முதலில் சந்தையில் புளியும் தேனும் விற்றுக்கொண்டிருந்தவள். கைவேகத்தில் அவளுக்கு ஈடு யாரும் இல்லை. அதிகம் பேசமாட்டாள், பேசினால் கேட்பவர் வாயடைத்துப் போவார். அவள் சம்பளத்தில்தான் மலையில் கூரை ஒழுகாத ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பாதிச் சுவர் வரை வந்திருக்கிறது என்று திங்கட்கிழமை தோறும் எனக்குச் சொல்வாள். பாதிச் சுவரே ரொம்ப நாள் பாதியிலேயே நின்றது, அது வேறு விஷயம்.

அந்த வருஷம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஹரிகேன் பெட்டிகளைப் பெரிய அளவில் கேட்டது. கப்பலில் முதல் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அடுத்து இன்னும் மூன்று விமானங்களை எங்களிடமே செய்யக் கொடுப்பார்கள். பாய் அதை நம்பிப் பின்னால் இருந்த நிலத்தில் புது ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டார். கபீர் சார் புது அச்சு பார்க்க மெட்ராஸ் போய்விட்டார், அதனால் வெள்ளிக்கிழமை விமானம் ஒட்டுவது நின்றது. அதே சமயம் என் தங்கை கல்யாணம் வந்தது. நான் லீவு போட்டுவிட்டு ஊரில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது கம்பெனியில் தாய்ப்பை கிழிந்துவிட்டது. பாவம், அதற்கும் வயதாகியிருந்தது. என் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண், கைராசிக்காரி என்று சின்னப்பொண்ணையே புதிதாக ஒரு தாய்ப்பை கட்டித் தரச் சொல்லித் தட்டில் வைத்துவிட்டாள். நான் திரும்பி வந்து பார்க்கும்போது பைகள் வருகின்றன, முள் நடுவில் நிற்கிறது, எல்லாம் சுபம். பெட்டிகளுக்கு மேல் பிளாஸ்டிக் உறையும் போட்டு அடுக்கியாகிவிட்டது.

கப்பலுக்கு அனுப்புவதற்கு முன்னால் வாங்குகிற கம்பெனியின் சார்பில் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வந்தவர் தேவராஜ் சார். நிமிர்ந்த உடம்பு, ஒட்ட வெட்டிய முடி, இஸ்திரி கலையாத சட்டை. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பாய் எங்களிடம் ரகசியம் போலச் சொன்னார். அவ்வளவுதான், மதியத்துக்குள் அவர் பைலட்டாகி, மாலைக்குள் சண்டையில் நாலு விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டார். எல்லாம் எங்கள் பேக்கிங் பெண்களின் கைங்கரியம். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. அன்று சனிக்கிழமை. கபீர் சாரும் மெட்ராஸிலிருந்து திரும்பியிருந்தார்.

தேவராஜ் சார் ஒரு பெட்டியைப் பிரித்தார். பையைக் கிழித்து மேஜையில் கொட்டினார். விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினார். கடைசியில் ஒரு பைலட் மிச்சம். இன்னொரு பெட்டி பிரித்தார், அதிலும் ஒரு பைலட் மிச்சம். வெவ்வேறு அடுக்கிலிருந்து எடுத்து வரச் சொன்னார். மேஜையில் விமானம் இல்லாத பைலட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓடிப்போய்த் தராசிலிருந்து தாய்ப்பையை எடுத்துக் கத்தரித்தேன். தாயிலேயே இரண்டு பேர். தராசு எங்களை ஏமாற்றவில்லை. இரண்டுக்கு இரண்டு என்று நிறுத்துக் கொடுத்திருக்கிறது. ஒருவரோடு வந்த பைகளை முள் குறை என்று திருப்பி அனுப்ப, மற்றப் பெண்களும் தாயைப் பார்த்து இரண்டு பேராகப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

ஒன்று கூடுதலாகத்தானே இருக்கிறது, குறையவில்லையே என்று பாய் கேட்டார். சந்தையில் கொசுறு கொடுப்பதில்லையா என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். தேவராஜ் சார் கோபப்படாமல் விளக்கினார். பெட்டியின் மேல் பைலட் ஒன்று என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இரண்டு இருந்தால், உங்களுக்கு எண்ணத் தெரியவில்லை என்றுதான் வாங்குகிறவன் நினைப்பான். இதில் கூடினால் வேறு ஒன்றில் குறையும். எல்லா உறையையும் பிரித்து, ஒன்றை எடுத்துவிட்டு, மறுபடி கட்ட வேண்டும். பிரித்தால் பாதி அட்டைப் பெட்டிகள் கிழிந்துபோகும், அதற்குள் கப்பல் போய்விடும், ஆர்டரும் அதோடு போய்விடும். இது எல்லோருக்கும் தெரிந்தது. பாயின் முகம் சுண்டிவிட்டது. இதைச் செய்தவர் யாராக இருந்தாலும் திங்கட்கிழமை இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார். பாய் அப்படிப் பேசி அதுவரை நாங்கள் கேட்டதில்லை.

சின்னப்பொண்ணு பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "நான்தாங்க போட்டேன்" என்றாள். ஒளிக்கிற ஆளின் குரல் இல்லை அது, பேரைக் கேட்டால் பேரைச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

பைலட் அச்சில் ஒரு தடவைக்கு நாலு பைலட் விழும். அதனால் எங்கள் தட்டில் பைலட்டுகள் எப்போதும் குவிந்து கிடக்கும். எடுத்துப் போடுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் போட்டாள் என்று எனக்கே விளங்கவில்லை. கபீர் சார்தான் கேட்டார்.

"ஏம்மா ரெண்டு போட்ட?"

"ஒருத்தரு ஓட்டறவருங்க. இன்னொருத்தரு கிளீனரு."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். சின்னப்பொண்ணு திரும்பிப் பார்க்கவில்லை. "கட்டை போட ஆளு வேணாங்களா சார்? வண்டி பின்னால உருண்டுக்கினு வந்தா டிரைவரே எறங்கி ஓடியாந்து போடுவாரா? ஒருத்தரத் தனியா அனுப்பறது பாவங்க" என்றாள்.

தேவராஜ் சார் பொறுமையாகவே பேசினார். "இது மலையில போற ஜீப் இல்லம்மா. ஆகாசத்துல போறது."

"ஆகாசத்துலயே இருந்துடுமாங்க? எப்பன்னா எறங்குமில்ல."

அவர் ஒரு பைலட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "சரி, கிளீனர் இப்படியா உக்காந்திருப்பாரு?"

"ஏத்தம் வர்ற வரைக்கும் உக்காந்துக்கினுதாங்க இருப்பாரு."

இப்போது கபீர் சாரே கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பை அடக்க அவர் செய்கிற காரியம் அது. தேவராஜ் சார் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பைலட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டார். வெள்ளிமலைக்குப் போகிற ட்ரிப் ஜீப்பில் கிளீனர் என்று நான்தான் பதில் சொன்னேன். முடிவைத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அவர் எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே, கிளீனராம் கிளீனர் என்று பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பொரிந்து தள்ளினேன். அவள் பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்துக் கொடுத்தாள். பிறகு, "வேல போச்சுன்னா செவுரு அப்பிடியே நின்னுடும் மல்லிகா" என்றாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. பழத்தையும் தின்றேன், அழவும் அழுதேன்.

ஆர்டர் போனாலும் போகட்டும், வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சும்மா அனுப்பும் வழக்கம் பாய் குடும்பத்தில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேவராஜ் சாருக்கு மலையைக் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. கூடை நிறையப் பிரியாணியோடு கபீர் சார் ஒரு ஜீப்பை ஏற்பாடு செய்தார். செக்கிங்கில் கையெழுத்துப் போட்டவள் நீ, நீயும் வா என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். கச்சிராயபாளையத்தில் சின்னப்பொண்ணும் ஏறினாள், எப்படியும் அவள் ஊருக்குப் போகிற நாள். ஜீப்பின் பின் படியில் தொற்றிக்கொண்டு நின்றவர் வெள்ளையன், அவள் வீட்டுக்காரர். ஊரில் எத்தனையோ ஜீப் இருக்க, கபீர் சார் அந்த ஜீப்பை வேண்டுமென்றே பிடித்தாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அடிவாரம் தாண்டும்வரை வெள்ளையனும் உள்ளே எங்கள் காலடியில் கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏற்றம் ஆரம்பித்ததும் எழுந்து படிக்குப் போய்விட்டார். சின்னப்பொண்ணு தேவராஜ் சாரைப் பார்த்தாள். நேற்று நான் சொன்னேன் இல்லையா என்ற பார்வை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலையின் பாதியில், வளைவு ஒன்றில், இன்ஜின் கொதித்துப் புகை விட்டது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றது, நின்ற இடத்திலிருந்து மெல்லப் பின்னால் நகர்ந்தது. பக்கத்தில் பள்ளம். வெள்ளையன் எப்போது குதித்தார் என்று தெரியவில்லை, வலது பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகிவிட்டார். ஜீப்பின் மூக்கு இடது பக்கமாக இழுத்தது. நான் கண்ணை மூடி எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது என் பக்கத்தில் தேவராஜ் சார் இல்லை.

இறங்கி ஓடிப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தின் அருகில் அவர் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். சாலையோரக் கல் ஒன்றைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, உள்ளங்கையால் அடித்து இறுக்கிவிட்டு, சக்கரத்தில் தோளைக் கொடுத்துப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை முழுக்கச் செம்மண். ஜீப் அசையவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளையன் எட்டிப் பார்த்தார். கல் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொள்ளப் போனார்.

இன்ஜின் ஆறும்வரை நாங்கள் வளைவில் நின்றோம். கபீர் சார் விருந்தாளிக்குக் கைக்குட்டையைக் கொடுத்து, பைலட்டாக இருந்தவர் இந்த வேலையெல்லாம் செய்யலாமா என்று வருத்தப்பட்டார். தேவராஜ் சார் அப்போதுதான் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் ஒரு நாளும் விமானம் ஓட்டினதில்ல சார். சேர்ந்த நாள்லேர்ந்து இந்த வேலைதான். பைலட் ஏறி உக்காந்து கையைக் காட்டுவாரு, நான் கட்டையை இழுத்தாத்தான் அது நகரும். வந்து எறங்கினா மறுபடி ஓடிப்போய்க் கட்டை போடணும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைப்பதற்கு மண் எதுவும் மிச்சம் இல்லை. "எத்தனையோ நாட்டுக் கம்பெனிங்களோட பெட்டியைப் பிரிச்சிருக்கேன். எல்லாத்துலயும் பைலட் இருப்பாரு. என்னைப் போட்டது இந்தம்மா ஒருத்தங்கதான்."

சின்னப்பொண்ணு பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

தண்ணீர் ஊற்றி டிரைவர் இன்ஜினை எழுப்பினார். தேவராஜ் சார் கபீர் சாரிடம் திரும்பினார். "பெட்டிங்க எதையும் பிரிக்க வேணாம். மேல 'பைலட் ஒன்று'ன்னு இருக்கில்ல, அதுக்குக் கீழ ஒரு சீட்டு அச்சடிச்சு ஒட்டிடுங்க. 'கிளீனர் ஒன்று'. அதோட எண்ணிக்கை சரியாப் போச்சு. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

வெளிநாட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று கபீர் சார் இழுத்தார். கேட்டால் தன்னிடம் கேட்கச் சொல்லுங்கள் என்றார் தேவராஜ் சார். கபீர் சார் சின்னப்பொண்ணு பக்கம் பார்த்து, "நாளைக்கு லேட்டா வராத. சீட்டு ஒட்டற வேலை ஜாஸ்தியா இருக்குது" என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள். நானும் ஏறினேன், கபீர் சாரும் ஏறினார்.

தேவராஜ் சார் மட்டும் ஏறவில்லை. இடது சக்கரத்தின் பக்கத்தில் போய்க் குனிந்தார். வலது பக்கம் வெள்ளையன் குனிந்தார். இன்ஜின் உறுமி வண்டி முன்னால் ஒரு இழுப்பு இழுத்ததும், இந்தப் பக்கம் கல்லும் அந்தப் பக்கம் கட்டையும் ஒரே சமயத்தில் வெளியே வந்தன. தேவராஜ் சார் எங்களோடு உள்ளே உட்காரவில்லை. வெள்ளையனுக்குப் பக்கத்தில் பின் படியில் ஏறி நின்றுகொண்டு, ஜீப்பின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "போலாம், ரைட்" என்றார்.